பழைய நிழற்படங்களிற் போர் விமானங்கள்

1939ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 6ஆம் நாட் காலை. பிரித்தானியா ஜேர்மனிமீது போர்ப்பிரகடனஞ் செய்து மூன்று நாட்களே கழிந்திருந்தன. கிழக்குக் கரையை நோக்கிப் பகை விமானங்கள் வருகின்றன என்று பிழையான எச்சரிக்கையொன்று கிடைத்தது. லண்டன் மாநகருக்கு வடகிழக்கேயுள்ள நோர்த் வீல்ட் தளத்திலிருந்து 56ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. அவற்றுக்குப் பின்னாற் சற்று விலகி மேலதிக விமானங்கள் இரண்டு பறந்து சென்றன. ஹோர்ண்சேர்ச் தளத்திலிருந்து வந்த 74ஆம் அணியின் ஸ்பிற்பயர் விமானிகள் அவ்விரண்டையும் ஜேர்மன் விமானங்கள் எனக் கொண்டு சுட்டனர். இரண்டு ஹரிக்கேன்களும் வீழ்ந்தன. ஒரு விமானி உயிர் தப்பினார். மற்றவராகிய மொண்டேகு ஹல்ற்றன் ஹரொப் என்னும் இளைஞர் மாண்டார். இரண்டாவது உலகப் போரில் உயிரிழந்த முதலாவது பிரித்தானியச் சண்டை விமானி எனப் பெரும்பாலுங் குறிக்கப்படுபவர் அவரே. அவரைச் சுட்டதும் பிரித்தானிய விமானமே. சுட்டவர்களை மூடிய கதவுகளுக்குட் கூடிய இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது.

வானிலே மணிக்கு முந்நூறு மைல் வேகத்திற் செல்பவனுக்குத் தீர்மானஞ் செய்யக் கிடைப்பது ஒரு கணமே. அவன் தவறுவதை மன்னிக்கலாம். மேசைமீது நிழற்படத்தை வைத்துக்கொண்டு, உருப்பெருக்குக் கண்ணாடியைக் கையில் ஏந்தியிருப்பவருக்கோ வேண்டிய மட்டும் நேரமுண்டு. அவ்வாறிருந்தும் அச்சேறிய நூல்களிலும் நூதனசாலைச் சுவர்களிலும் ஹரிக்கேனை ஸ்பிற்பயர் என்றும், யப்பானியத் தரைப்படை விமானத்தைச் சீரோ என்றும், திரைப்படத்துக்காக வர்ணந் தீட்டிய விமானத்தை உண்மைப் போர் விமானமென்றும் எழுதிய குறிப்புகள் குறைவின்றிக் காணப்படுகின்றன. ஒருவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விமானத்திற் பறந்தார் என்பதற்குப் படமே சான்றாக நிற்கும்போது இத்தவறு சிறிய தவறன்று. விமானத்தின் பெயர் பிழைத்தால் அணி பிழைக்கும். அணி பிழைத்தால் ஆளும் பிழைப்பார்.

விமானங்களை இனங்காணும் கலை போர்க்காலத்திலேயே ஒரு பாடமாக வளர்ந்தது. மேலிருந்தும், முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும் பார்த்தாற் போலக் கறுப்பு நிழலுருவங்களை வரைந்து அச்சிட்டு, பிரித்தானியாவின் அவதானிப்புப் படையினருக்கும் பீரங்கிப் படையினருக்கும் வழங்கினர். அமெரிக்கர் சிறகு, இயந்திரம், உடல், வால் என்னும் வரிசையில் நான்கு உறுப்புகளையும் நோக்குமாறு கற்பித்தனர். அந்நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையுஞ் சேர்த்து உண்டாகிய சொல்லுக்கு, 'ஒவ்வொரு முறையுந் தவறு' என்று சிப்பாய்கள் வேடிக்கையாகப் பொருள் கூறினராம். அவர்கள் கூறியதில் உண்மையும் உண்டு. உறுப்புறுப்பாக எண்ணி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். ஆகவே, ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் சாமுவேல் றென்ஷோ என்பவர், திரையிற் செக்கனின் மிகச் சிறு பின்னமளவுக்கு மட்டுமே படத்தைக் காட்டி, முழு உருவத்தையும் ஒரே பார்வையிற் பிடிக்கப் பழக்கும் முறையொன்றை அமெரிக்கக் கடற்படைக்கு வகுத்துக் கொடுத்தார்.

இப்பணியிற் பள்ளிச் சிறுவருக்கும் பங்கிருந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலைகளை நோக்கி ஐந்து இலட்சம் மாதிரி விமானங்கள் செய்து தருமாறு வேண்டிக்கொண்டது. மாணவர் மரத்திற் செதுக்கிக் கறுப்பு நிறந் தீட்டி அனுப்பினர். உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அவை அமைந்தன. ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாவான் என்பது அதன் கணக்கு. அத்தகைய மாதிரியை 35 அடி தூரத்திற் பிடித்துப் பார்த்தால், ஏறக்குறைய அரை மைல் தூரத்திற் பறக்கும் உண்மை விமானத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். கணக்குப் பாடத்தை இதைவிடப் பயனுள்ளதாக்குவது அரிது.

நிழற்படத்தைப் பார்ப்பவருக்கு உதவுவது இன்னொரு வகைப் பார்வை. நிழலுருவம் முதலில் ஓர் ஊகத்தைத் தரும். அவ்வூகத்தை மெய்யோ பொய்யோ எனச் சோதிப்பது சிறு உறுப்புகளின் வேலை.

ஹரிக்கேனையும் ஸ்பிற்பயரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பிரித்தானியாவிற் பிறந்தவை. இரண்டுக்கும் முதலில் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் இயந்திரமே உயிர். சிட்னி காம் அமைத்த ஹரிக்கேன் 1935 நவம்பரிலும், றெஜினால்ட் மிற்செல் அமைத்த ஸ்பிற்பயர் 1936 மார்ச்சிலும் முதன்முதல் வானேறின. ஸ்பிற்பயரின் சிறகு மெல்லியது. நீள்வட்டமாக வளைந்து நுனியிற் குறுகுவது. இதுவே எல்லாருக்குந் தெரிந்த அடையாளம். ஆனால் இதை மட்டும் நம்புபவர் ஏமாறுவார். தாழப் பறப்பதற்கென அமைந்த சில ஸ்பிற்பயர்களில் நுனியை வெட்டிச் சதுரமாக்கினர். மிக உயரத்திற் பறப்பதற்கென அமைந்தவற்றில் நுனியை நீட்டிக் கூர்மையாக்கினர். அன்றியும், நிலத்தில் நிற்கும் விமானத்தைப் பக்கத்திலிருந்து பிடித்த படத்திற் சிறகின் உருவம் தெரியவே தெரியாது.

அங்கே சில்லுகளைப் பார்க்க வேண்டும். ஹரிக்கேனின் சில்லுக்கால்கள் சிறகின் நடுவிலிருந்து இறங்கி, உள்நோக்கி மடிவன. ஆகையால் அது காலை அகல ஊன்றி நிற்கும் மல்லனைப் போல நிற்கும். ஸ்பிற்பயரின் கால்களோ உடலுக்கு அருகே தொடங்கி வெளிநோக்கி மடிவன. அது முழங்கால்களைச் சேர்த்து நிற்பது போலத் தோன்றும். அடுத்தது, இயந்திரத்தைக் குளிர்விக்கும் றேடியேற்றர். ஹரிக்கேனில் அது வயிற்றின் நடுவிலே தொங்கும்; ஸ்பிற்பயரிற் சிறகுகளின் கீழே ஒட்டியிருக்கும். பின்னுடலையும் நோக்கலாம். ஹரிக்கேனின் பின்னுடல் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. ஆகையால் நல்ல படத்தில், மெலிந்த குதிரையின் விலா எலும்புகள் போல நீண்ட வரிகள் தெரியும். ஸ்பிற்பயரின் உடல் உலோகத் தகடு வேய்ந்தது, வழுவழுப்பானது.

ஜேர்மனியரின் மெசர்ஸ்மிற் 109 என்னும் விமானமும் ஸ்பிற்பயரைப் போலவே குறுகிய கால்களையுடையது. அதன் சில்லுகளும் வெளிநோக்கி மடிவன. ஆயினும் அதனை இனங்காண ஓர் உறுதியான வழியுண்டு. மேர்லின் இயந்திரத்தின் பன்னிரண்டு உருளைகளும் இரு வரிசையாகக் கீழே கூடி மேலே விரிந்து நிற்கும். மெசர்ஸ்மிற்றிற் பூட்டிய டைம்லர் பென்ஸ் இயந்திரம் தலைகீழானது. உருளைகள் மேலே கூடிக் கீழே விரியும். இதனால் எரிந்த வாயு வெளியேறும் புகைக்குழாய்கள் ஸ்பிற்பயரில் மூக்கின் மேற்பாகத்திலும், மெசர்ஸ்மிற்றில் மூக்கின் கீழ்ப்பாகத்திலும் வரிசையாகத் தெரியும். படம் எவ்வளவு மங்கியிருந்தாலும் இக்குழாய் வரிசையும் அதன் பின்னே படிந்த கரியும் பெரும்பாலும் அழிவதில்லை.

இவ்வடையாளம் இன்னொரு பொய்யையும் வெளிப்படுத்தவல்லது. போர் முடிந்தபின் ஸ்பெயின் நாட்டில் மெசர்ஸ்மிற் உடலுக்கு மேர்லின் இயந்திரத்தைப் பூட்டி விமானங்கள் செய்தனர். ஜேர்மனியில் பிறந்த விமானத்துக்கு, அதனோடு வானிற் பொருத எதிரியின் இருதயமே பிற்காலத்தில் வாய்த்தது விந்தையிலும் விந்தை. 1969இல் வெளிவந்த 'பிரித்தானியப் போர்' பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தில் ஜேர்மன் விமானங்களாக நடித்தவை இவையே. அப்படத்திலிருந்து எடுத்த காட்சிகள் சில, நிறத்தை நீக்கிய வடிவில், 1940ஆம் ஆண்டுப் படங்களென உலாவுகின்றன. புகைக்குழாய்கள் மூக்கின் மேற்பாகத்தில் இருக்க, வாலில் ஜேர்மன் சின்னமிருந்தால், அது நடிகனேயன்றிப் போராளியன்று எனத் துணியலாம். பேர்ள் துறைமுகத் தாக்குதலைக் காட்டும் 1970ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் இவ்வாறே அமெரிக்கப் பயிற்சி விமானங்களை மாற்றியமைத்துச் சீரோ விமானங்களாகப் பறக்கவிட்டனர்.

புகைக்குழாய் கீழே இருப்பதெல்லாம் மெசர்ஸ்மிற் என்று எதிர்மறையாகக் கொள்ளலும் ஆகாது. இத்தாலியரும் யப்பானியரும் அதே ஜேர்மன் இயந்திரத்தை உரிமை பெற்றுச் செய்து தத்தம் விமானங்களிற் பூட்டினர். யப்பானியர் அவ்வாறு செய்த கவசாகி விமானத்தை முதலிற் கண்ட நேச நாட்டினர், அது இத்தாலியருடையதோ என மயங்கி, இத்தாலியருக்குப் பொருந்துவதென எண்ணிய 'ரோனி' என்னும் பெயரை அதற்கு இட்டனர். யப்பானியச் சண்டை விமானங்களுக்கு ஆண் பெயரும் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயரும் இடுவது அக்கால வழக்கம்.

விமானத்தின் இனம் தெரிந்தபின் அதன் வகை எழுகின்ற கேள்வி. ஸ்பிற்பயர் ஒரு விமானமன்று, ஒரு குடும்பம். 1938இல் அணிகளுக்கு வந்த முதற் பிள்ளைகளுக்கு மரத்தாலான இரண்டு அலகுச் சுழல்விசிறி இருந்தது. விரைவிலே அலகு மூன்றாயிற்று. 1942இல் வந்த 9ஆம் வகைக்கு நான்கு. பின்னர் கிறிபன் இயந்திரம் பூண்டு வந்த 14ஆம் வகைக்கு ஐந்து. நிற்கும் விமானமானால் அலகுகளை எண்ணிவிடலாம். பறக்கும் விமானத்திற் சுழல்விசிறி மறைந்துவிடுமாதலாற் றேடியேற்றரை நோக்கவேண்டும். 5ஆம் வகை வரையில் வலச் சிறகின் கீழே பெரிய றேடியேற்றரும், இடச் சிறகின் கீழே சிறிய எண்ணெய்க் குளிர்ப்பானும் இருந்தன. 9ஆம் வகையில் இரு பக்கமும் ஒத்த பருமனுடையன.

ஹரிக்கேனின் வகையை அதன் சிறகிலிருந்து நீட்டிய துப்பாக்கிகளைக் கொண்டு அறியலாம். முதலாம் வகையில் யந்திரத் துப்பாக்கிகள் எட்டு. அவை சிறகினுள்ளே மறைந்திருக்கும். இரண்டாம் வகையின் ஒரு பிரிவில் அவை பன்னிரண்டாயின. இன்னொரு பிரிவில் அவற்றை நீக்கி, சிறகின் முன்னே நீண்டு துருத்தும் சிறு பீரங்கிகள் நான்கைப் பூட்டினர். மூக்கின் கீழே தாடை தொங்குவது போன்ற பெரிய பெட்டியொன்று காணப்படின், அது புழுதியை வடிக்குங் கருவி. அவ்விமானம் வட ஆபிரிக்கப் பாலைவனத்துக்கோ ஆசிய வெப்பநாடுகளுக்கோ அனுப்பப்பட்டது என்பதற்கு அது சாட்சி.

படத்தையே ஐயுறவேண்டிய வேளைகளும் உண்டு. நெகற்றிவைத் தலைமாற்றி வைத்து அச்சிட்டுவிட்டால் இடம் வலமாகும். எழுத்துகள் தெரியுமாயின் அவை கண்ணாடியிற் கண்டாற்போலத் தலைமாறி நின்று குற்றத்தைக் காட்டிவிடும். எழுத்தில்லாப் படத்தில் முற்கூறிய ஸ்பிற்பயரின் பெரிய றேடியேற்றர் இடப்பக்கம் வந்திருக்கிறதா எனப் பார்க்கலாம். மெசர்ஸ்மிற்றில் இயந்திரத்துக்குக் காற்றை உறிஞ்சும் வாய் எப்போதும் விமானியின் இடக்கைப் பக்கமே இருக்கும். அருகில் விமானி நிற்பாராயின் இன்னும் எளிது. பிரித்தானிய விமானியின் சிறகுச் சின்னம் இட மார்பில் அணிவது. வல மார்பில் அது தோன்றினாற் படம் திரும்பியிருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை அறிவது எப்படி? இதிலேதான் கற்றவரும் அதிகம் இடறுகின்றனர். அக்காலத்திலே பயின்ற படச்சுருள்கள் இருவகை. ஒருவகை எல்லா நிறத்தையும் ஓரளவு கண்ணுக்கொப்பப் பதியும். மற்றவகை சிவப்பை உணராது. மஞ்சளையும் குறைவாகவே உணரும். நீலத்தை மட்டும் மிகையாகப் பதியும். இரண்டாவது வகையிற் சிவப்புக் கறுப்பாகும், மஞ்சள் கருகும், நீலம் வெளிறும். 1940 மே மாதம் முதல் பிரித்தானிய விமானங்களின் உடற்பக்க வட்டக்குறிக்கு வெளியே மஞ்சள் வளையமொன்று தீட்டப்பட்டது. ஒரே விமானத்தை இரண்டு சுருளிலும் பிடித்தால், ஒன்றில் அவ்வளையம் வெண்மையாக ஒளிரும்; மற்றதிற் கரிய வளையமாகி, குறியே வேறொரு நாட்டினது போலத் தோன்றும். 'கரிய வளையம் பூண்ட இரகசிய அணி' என்று ஆராய்ச்சி செய்யப் புகுந்தால் அது காட்டுக்கே இட்டுச் செல்லும். அதே படத்தில் நிற்பவர்களின் உதடும் முகமும் இயல்புக்கு மிஞ்சிக் கறுத்து, வானம் வெறும் வெள்ளையாக இருக்குமாயின், சிவப்பறியாத சுருள் என ஊகிக்கலாம்.

இந்நுட்பம் யப்பானிய விமானங்களில் மிகவும் பயன்படும். 1941 டிசம்பரிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களும் தத்தம் விமானங்களின் உடலிற் பட்டை தீட்டியிருந்தன. அககி கப்பலுக்குச் சிவப்புப் பட்டை ஒன்று, ககாவுக்கு இரண்டு. சோரியுவுக்கு நீலம் ஒன்று, ஹிரியுவுக்கு இரண்டு. ஷொகாகுவுக்கு வெள்ளை ஒன்று, சுயிகாகுவுக்கு இரண்டு. ஒற்றைப் பட்டையொன்று படத்திற் கண்டால் அது அககியினதா சோரியுவினதா? தனியே பார்த்துச் சொல்ல இயலாது. ஆனால் அதே விமானத்தின் உடலிற் பெரிய சூரிய வட்டம் இருக்கிறதல்லவா? அது சிவப்பென்பது உறுதி. பட்டையின் கருமையும் வட்டத்தின் கருமையும் ஒத்திருந்தாற் பட்டை சிவப்பு, வேறுபட்டால் நீலம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கும் இம்முறைக்கு நிகரான முறை வேறில்லை.

இவ்வாறில் ககா பழுதுபார்ப்பதற்காகத் தாயகம் திரும்ப, எஞ்சிய ஐந்துமே அட்மிரல் நகுமோவின் தலைமையில் 1942 ஏப்பிரலில் இலங்கைக் கடலுக்கு வந்தவை. ஏப்பிரல் 4ஆம் நாள் கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் தமது கற்றலினா விமானத்திலிருந்து அவற்றைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையிற் கொழும்பின்மேல் யப்பானிய விமானங்கள் வந்தன. 9ஆம் நாள் திருக்கோணமலை தாக்குண்டது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது.

அந்நாட்களில் இலங்கையைக் காத்த சண்டை விமானங்கள் எவை? 30ஆம் அணியின் ஹரிக்கேன்கள் இரத்மலானையிலும், 258ஆம் அணியின் ஹரிக்கேன்கள் ஓடுபாதையாக மாற்றிய கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலும், 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள் திருக்கோணமலைச் சீனன்குடாவிலும் இருந்தன. கடற்படையின் 803ஆம், 806ஆம் அணிகளுக்குரிய புல்மார் விமானங்களும் இரத்மலானையில் இருந்தன. ஸ்பிற்பயர் அன்று இலங்கையில் ஒன்றேனும் இல்லை. ஆகவே, கொழும்பின்மேல் 1942 ஏப்பிரலிற் போரிட்ட ஸ்பிற்பயர் என்று எப்படத்தின் கீழே எழுதியிருந்தாலும், அதைப் படம் பாராமலே தள்ளிவிடலாம். இலங்கைத் தளங்களில் ஸ்பிற்பயர் நின்றது பின்னாளில். அப்படங்களில் வட்டக்குறியின் நடுவே சிவப்பு இராது. யப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு மயங்காதிருக்கவேண்டிக் கீழைத்தேயத்துப் பிரித்தானிய விமானங்களிலிருந்து அந்நிறத்தையே நீக்கிவிட்டனர். அமெரிக்கரும் அவ்வாறே 1942 மே மாதத்தில் தங்கள் வெண்ணட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தனர். நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தது 1943இன் நடுப்பகுதியில். இத்தகைய மாற்றங்கள் படத்தின் காலத்தை நாட்காட்டி போலக் காட்டும்.

புல்மார் விமானம் நிழற்படத்தில் ஹரிக்கேனோடு மயங்கக்கூடியது. அதற்கும் மேர்லின் இயந்திரமே. ஆனால் அதில் இருவர் முன்பின்னாக இருப்பர். ஆகவே கண்ணாடி மூடி நீண்டு பின்செல்லும். பந்தயத் திடலிலிருந்து ஹரிக்கேன்கள் எழுந்த அதே காலையில், திருக்கோணமலையிலிருந்து இரத்மலானைக்குக் கடற்கணை சுமந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் யப்பானியச் சீரோக்களின் கண்ணிற் பட்டு ஆறுமே வீழ்ந்தன. சுவோட்பிஷ் இரட்டை அடுக்குச் சிறகும் மடங்காத சில்லும் உடையது. அதை இனங்காண எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. சிறு பிள்ளையுஞ் சொல்லிவிடும். சீரோ விமானிகளுக்கும் அன்று மயக்கமிருந்திராது.

சீரோவையே எடுத்துக்கொண்டால், யப்பானியச் சண்டை விமானம் எல்லாவற்றுக்கும் அப்பெயரை வழங்குவது பெருவழக்காகிவிட்டது. சீரோ கடற்படையினது. தரைப்படையினர் பறந்த நகஜிமா விமானம், நேச நாட்டினர் 'ஒஸ்கார்' என்றழைத்தது, அதே வட்ட மூக்கும் மெல்லிய உடலும் உடையது. சீரோவின் கண்ணாடி மூடி நீளமானது. பல சட்டங்களாற் பகுக்கப்பட்டது. சிறகிற் சிறு பீரங்கிகள் உண்டு. ஒஸ்காரின் மூடி குறுகியது. சிறகிலே துப்பாக்கி எதுவுமில்லை.

அட்டையிலிருந்து சின்னத்தை மட்டும் பார்த்து விமானத்தின் நாட்டைத் தீர்மானிப்பதும் ஆபத்தானது. அமெரிக்க நட்சத்திரம் பூண்ட சீரோவின் படங்கள் உண்டு. அவை பொய்ப் படங்களல்ல. 1942 யூன் 4ஆம் நாள் அலாஸ்காவின் அக்குற்றான் தீவிலே தரையிறங்க முயன்ற சீரோவொன்று சதுப்பிற் கவிழ்ந்து அதன் விமானி இறந்தார். மறு மாதம் அமெரிக்கர் அதனைக் கண்டெடுத்து, செப்பனிட்டு, செத்தெம்பரிற் பறந்து சோதித்தனர். அதே 1942 யூன் மாதம் 23ஆம் நாள், ஆர்மின் பேபர் என்னும் ஜேர்மன் விமானி திசை மயங்கி, பிரான்சுக்கு வந்துவிட்டதாக எண்ணித் தென் வேல்சிலுள்ள பெம்பிறி தளத்தில் இறங்கிவிட்டார். அதுவரை பிரித்தானியருக்குப் பெரும் புதிராயிருந்த பொக்கே வுல்ப் 190 விமானம் ஒன்று இவ்வாறு பழுதின்றிக் கையிற் கிடைத்தது. அது பின்னர் பிரித்தானிய வட்டக்குறியோடு நிற்கும் படங்களைக் காணலாம்.

அந்தப் பொக்கே வுல்ப் பிரித்தானியருக்கு இன்னொரு தொல்லையும் விளைத்தது. அவர்களது தைபூன் விமானத்தையும் அமெரிக்கரின் தண்டபோல்ட் விமானத்தையும் சொந்தப் படையினரே பொக்கே வுல்ப் என்று கருதிச் சுடலாயினர். எனவே தைபூன்களின் சிறகடியிற் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், தண்டபோல்ட்டுகளின் மூக்கிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகளும் தீட்ட நேர்ந்தது. 1944 யூன் மாதம் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது இம்முறையே பேரளவிற் கைக்கொள்ளப்பட்டது. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என ஐந்து அகன்ற பட்டைகளை நேச நாட்டு விமானங்களின் சிறகிலும் உடலிலும் அவசர அவசரமாகத் தூரிகை கொண்டு தீட்டினர். கோணலாகப் பூசிய அப்பட்டைகளைப் படத்திற் கண்டால் அது அவ்வாண்டு யூனுக்கு முந்தியதன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் பிடித்தவன் எதற்காகப் பிடித்தான் என்று கேட்கவேண்டும். இதற்கு ஹைன்கெல் 113 என்னும் விமானத்தின் கதையைவிடச் சிறந்த உதாரணமில்லை. ஹைன்கெல் நிறுவனம் 100 என்னும் இலக்கமுடைய வேக விமானமொன்றைச் செய்தது. 1939 மார்ச்சில் அது மணிக்கு 746 கிலோமீற்றர் பறந்து உலக சாதனை நிறுவியது. ஆயினும் ஜேர்மன் விமானப் படை அதனை ஏற்கவில்லை. எஞ்சியிருந்தவை பன்னிரண்டளவான விமானங்களே. பிரசாரகர் அவற்றை வரிசையாக நிறுத்தி, பொய்யான அணிச் சின்னங்களை எழுதி, அழித்து, வேறு சின்னங்களை எழுதி, திரும்பத் திரும்பப் படம் பிடித்தனர். 'ஹைன்கெல் 113 களத்துக்கு வந்துவிட்டது' என்று 1940இல் அப்படங்களைப் பரப்பினர். பிரித்தானியர் அவ்விமானத்தைத் தங்கள் இனங்காணும் கையேடுகளிற் சேர்த்தனர். அவ்வாண்டுக் கோடையிலே வானில் ஹைன்கெல் 113ஐக் கண்டதாகவும் வீழ்த்தியதாகவுங் கூட விமானிகள் மனமறிந்த பொய்யின்றி அறிக்கை எழுதினர். அப்படியொரு விமானம் எந்த அணியிலும் இருந்ததேயில்லை. அவர்கள் கண்டவை பெரும்பாலும் மெசர்ஸ்மிற்றாக இருக்கவேண்டும். படத்திலே பார்த்ததைக் கண் வானத்திலே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது.

பிரித்தானியத் தணிக்கையாளரும் சும்மா இருந்தாரல்லர். அணியைக் காட்டும் இரண்டு எழுத்துகளையும் வாலருகிலுள்ள தொடர் இலக்கத்தையும் தூரிகையால் மறைத்துவிட்டே பல படங்களைப் பத்திரிகைகளுக்கு வழங்கினர். இடத்தையும் 'இங்கிலாந்தில் எங்கோ' என்று மட்டும் குறித்தனர். உடலின் ஒரு பகுதி இயற்கைக்கு மாறாக வழுவழுப்பாகத் தெரிந்தால் அங்கே எழுத்து இருந்தது என்று கொள்ளவேண்டும். அதே படத்தின் தணிக்கையுறாத பிரதி நூதனசாலையில் இருக்கக்கூடும். தேடுவது வீண்போகாது.

ஏனெனில் அத்தொடர் இலக்கமே பெரும் செல்வம். ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமுமாக அமைந்த அதனைப் பிரித்தானிய விமானமொன்றுக்குக் கொடுத்தபின் இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வோர் அணியும் தனது அன்றாட நடவடிக்கைப் பதிவேட்டை எழுதிவந்தது. அவை லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. இன்ன நாள், இன்ன வேளை, இன்ன இலக்கமுடைய விமானத்தில் இன்னார் எழுந்தார். இன்ன நேரத்தில் இறங்கினார், அல்லது திரும்பவில்லை என்று அதில் இருக்கும். மங்கிய படமொன்றில் நான்கு இலக்கங்களைப் படித்தெடுத்தால் ஒரு மனிதனின் பெயர் வரையிற் சென்றுவிடலாம்.

அங்கும் ஓர் எச்சரிக்கை. விமானத்தின்மேற் சாய்ந்து புன்னகையோடு நிற்பவர்தாம் அதிற் பறந்தவர் என்பது நிச்சயமில்லை. படப்பிடிப்பாளர் வந்த வேளையில் எந்த விமானம் அருகில் நின்றதோ அதன் முன்னே ஆட்களை நிறுத்திப் படம் பிடித்தனர். இயந்திரங் காத்த தொழிலாளரையும் விமானிகளெனப் பிற்காலத்தோர் எழுதிவிட்டதுண்டு. விமானத்தின் பெயரைப் படம் சொல்லும். விமானியின் பெயரைப் பதிவேடே சொல்லும்.

வீட்டுப் பெட்டியிலோ பாடசாலை அலுமாரியிலோ இத்தகைய படமொன்று கிடைக்குமாயின், முதலில் அதன் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். பென்சிலால் எழுதிய நாளோ இடமோ, படக்கடையின் முத்திரையோ அங்கிருக்கலாம். அக்குறிப்புப் பிழையென்று தெரிந்தாலும் அதை அழித்தல் கூடாது. யார், எப்போது, எதை நம்பினார் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. படத்தின்மேல் மை படாதபடி, திருத்தத்தைத் தனித்தாளில் எழுதி, எந்த அடையாளத்தைக் கொண்டு அம்முடிவுக்கு வரப்பட்டது என்பதையும் குறித்து, படத்தோடு சேர்த்து உறையில் இடவேண்டும்.